டி.என்.ஏ. பழுதுநீக்கமும் கன்னியாகுமரிக் கடற்கரையின் இயற்கைக் கதிர்வீச்சும்

டி.என்.ஏ. பழுதுநீக்கம் என்பது உயிரணுவின் மரபுப்பொருளான டி.என்.ஏ. மூலக்கூறில் ஏற்படும் சேதங்களை அவ்வுயிரணுவே கண்டறிந்து சரிசெய்யும் செயல்முறைகளின் தொகுதி ஆகும். மனித உயிரணுவில் இப்பணியைச் செய்பவை நூற்றுக்கும் மேற்பட்ட புரதங்கள். இவற்றுள் பெரும்பாலானவை தனித்து இயங்குவதில்லை. ஒரு புரதம் மற்றொன்றுடன் எப்போது, எவ்விடத்தில், எவ்வளவு நேரம் இணைந்திருக்கின்றது என்பதே பழுது எவ்வழியில் நீக்கப்படும் என்பதையும், நீக்கப்படாவிட்டால் உயிரணு பிழைக்குமா மடியுமா என்பதையும் தீர்மானிக்கின்றது.

தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையிலும், அதனை அடுத்த கேரளக் கடற்கரையிலும் தோரியம் அடங்கிய மணல் இயற்கையாகவே குவிந்துள்ளது. உலகில் மக்கள் நெருங்கி வாழும் இடங்களுள் இயற்கைக் கதிர்வீச்சு மிகுந்த பகுதிகளில் ஒன்றாக இது அறியப்படுகின்றது. தலைமுறைகளாகச் சிறு அளவுக் கதிர்வீச்சுக்கு உட்பட்டுவரும் உடலில் பழுதுநீக்கப் புரதங்கள் எவ்வாறு செயற்படுகின்றன என்னும் கேள்வி, இக்காரணத்தால் இக்கடற்கரையோடு நெருங்கிய தொடர்பு கொண்டுள்ளது.

மணவாளக்குறிச்சி மணல்

கன்னியாகுமரியில் சுற்றுலாப் பயணிகளுக்குப் பல வண்ண மணல்கள் சிறு பொட்டலங்களாக விற்கப்படுவதைப் பலர் கண்டிருக்கலாம். குமரித் தெய்வத்துக்கும் சுசீந்திரம் தாணுமாலயனுக்கும் நடைபெறாது போன திருமணத்தின் விருந்துக்கு வைத்திருந்த அரிசியும் பிறவும் மணலாக மாறின என்பது மக்கள் வழங்கும் கதை. நிலவியல் கூறும் காரணம் வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையின் தொன்மையான பாறைகள் சிதைந்து, வள்ளியாறு, குழித்துறைத் தாமிரபரணி போன்ற ஆறுகளின் வழியே கடலை அடைகின்றன. பருவக்காற்றுக் காலத்து அலைகள் எடை குறைந்த மணலை அடித்துச் சென்று, எடை மிகுந்த கனிமங்களைக் கரையில் விட்டுவிடுகின்றன. கருமையாகத் தெரிவது இல்மனைட்டு. செந்நிறமாகத் தெரிவது கார்னெட்டு. தேன் நிறம் கொண்ட மோனசைட்டே கதிர்வீச்சின் மூலம் ஆகும்.

1909 ஆம் ஆண்டில் செருமானிய வேதியியலாளரான சோம்பர்க் என்பவர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டு இருப்பதைக் கண்டறிந்தார். அக்காலத்தில் வாயு விளக்குகளின் வலைத்திரி செய்யத் தோரியம் தேவைப்பட்டதால், அடுத்த சில ஆண்டுகளிலேயே மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் ஆலை தோன்றியது. விடுதலைக்குப் பின்னர் 1950 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இந்திய அரிய மணல் நிறுவனம் இப்பணியைப் பிற்காலத்தில் ஏற்றுக்கொண்டது. தென் திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகள் 1956 நவம்பர் 1 ஆம் நாள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. அதனால் ஒரே மணற்பட்டை இரு மாநிலங்களுக்குரியதாயிற்று.

ஐக்கிய நாடுகள் அவையின் அணுக்கதிர்வீச்சு விளைவுகள் பற்றிய அறிவியற் குழு 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, கேரளத்தையும் சென்னை மாநிலத்தையும் ஒருசேரக் குறிப்பிட்டு, 200 கிலோமீட்டர் நீளமும் அரை கிலோமீட்டர் அகலமும் உடைய இக்கரையோரப் பட்டையில் காற்றில் அளக்கப்படும் கதிர்வீச்சு மணிக்கு 200 முதல் 4000 நானோகிரே வரை உள்ளதாகவும், சராசரி 1800 நானோகிரே எனவும் தருகின்றது. உலகச் சராசரி ஏறத்தாழ 59 நானோகிரே மட்டுமே. கதிர்வீச்சு மாவட்டம் முழுவதும் ஒரே சீராக இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மணவாளக்குறிச்சி, சின்னவிளை, கடியபட்டணம் போன்ற கரையோர ஊர்களை விட்டு நாஞ்சில் நாட்டின் வயல்வெளிகளை நோக்கிச் சில கிலோமீட்டர் நடந்தாலே கதிர்வீச்சு பெரிதும் குறைந்துவிடும். ஒரே ஊரிலும் வீட்டுக்கு வீடு வேறுபாடு உண்டு. கட்டுவதற்கு எங்கிருந்து மணல் எடுக்கப்பட்டது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

உயிரணுவில் ஏற்படும் சேதம்

டி.என்.ஏ. சேதத்துக்குக் கதிர்வீச்சு மட்டுமே காரணம் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. அது சரியன்று. உயிரணு மூச்சுவிடும்போது உண்டாகும் ஆக்சிசன் மூலக்கூறுகளாலும், உடல் வெப்பத்தில் நீருடன் நிகழும் எளிய வேதிவினைகளாலும் ஒவ்வோர் உயிரணுவிலும் நாள்தோறும் பல்லாயிரம் சேதங்கள் நிகழ்கின்றன. இவற்றுள் பெரும்பாலானவை ஒரே இழையைப் பாதிப்பவை. எதிர் இழையை அச்சாகக் கொண்டு இவற்றை எளிதில் சரிசெய்ய இயலும்.

கதிர்வீச்சின் தனித்தன்மை வேறு. அது செல்லும் தடத்தில் ஆற்றலைச் சிறு கொத்துகளாக வெளியிடுகின்றது. அதனால் அருகருகே இரு இழைகளும் ஒருங்கே அறுபட வாய்ப்பு மிகுதி. இது ஈரிழை முறிவு எனப்படும். அச்சாகக் கொள்ள எதிர் இழை இல்லாததால் இதுவே மிகவும் ஆபத்தானது. சரிசெய்யப்படாத ஒரே ஒரு முறிவு உயிரணுவைக் கொல்லக்கூடும். தவறாகச் சரிசெய்யப்பட்டால் குரோமோசோம் துண்டுகள் இடம் மாறி ஒட்டிப் புற்றுநோய்க்கு வழிகோலக்கூடும்.

ஒரு கிரே அளவுக் காமாக் கதிர் ஓர் உயிரணுவில் ஏறத்தாழ 1000 ஓரிழை முறிவுகளையும் 20 முதல் 40 வரையிலான ஈரிழை முறிவுகளையும் உண்டாக்கும். இக்கணக்கைக் கடற்கரைக்குப் பொருத்திப் பார்க்கலாம். மணிக்கு 1800 நானோகிரே என்பது ஆண்டு முழுவதும் வெட்டவெளியில் இருப்பவருக்கு ஏறத்தாழ 16 மில்லிகிரே ஆகும். அதாவது ஓர் உயிரணுவுக்கு இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே கதிர்வீச்சினால் ஓர் ஈரிழை முறிவு நேரும். வீட்டுக்குள்ளும் வெளியூரிலும் கழியும் நேரத்தைக் கழித்தால் இது மேலும் குறையும். உயிரணு பிரியும்போது கதிர்வீச்சின்றித் தானாகவே நேரும் முறிவுகள் இதைவிடப் பல மடங்கு. இக்கடற்கரை மக்களிடம் கதிர்வீச்சின் விளைவை அளந்து காண்பது ஏன் கடினமாக உள்ளது என்பதை இச்சிறு கணக்கு விளக்கும். எனினும் உடலில் உள்ள உயிரணுக்கள் பல இலட்சம் கோடி என்பதால், முழு உடலையும் நோக்கும்போது முறிவுகளின் எண்ணிக்கை சிறியதன்று.

காமாக் கதிர் தவிர, தோரியத்தின் சிதைவில் தோன்றும் தோரான் வளிமத்தை மூச்சுடன் உள்ளிழுக்கும்போது ஆல்பாத் துகள்கள் நுரையீரலைத் தாக்குகின்றன. இவை உண்டாக்கும் முறிவுகள் ஒரே இடத்தில் நெருங்கிச் சிக்கலாக அமைவதால், புரதங்களுக்கு அவற்றைச் சரிசெய்வது கடினம்.

முறிவை உணர்தல்

ஆறு அடிக்கும் மேலான நீளமுடைய டி.என்.ஏ. உயிரணுக் கருவினுள் ஹிஸ்டோன் என்னும் புரதங்களைச் சுற்றிச் சுருண்டுள்ளது. இதில் ஓரிடத்தில் ஏற்பட்ட முறிவை முதலில் உணர்வது எம்.ஆர்.என். கூட்டு ஆகும். இது எம்.ஆர்.ஈ.11, ராட்50, என்.பி.எஸ்.1 ஆகிய மூன்று புரதங்கள் இணைந்தது. என்.பி.எஸ்.1 புரதத்தின் வால்பகுதி ஏ.டி.எம். என்னும் நொதியைப் பற்றி முறிவிடத்துக்குக் கொண்டுவருகின்றது. ஏ.டி.எம். சாதாரண நிலையில் இரண்டிரண்டாகப் பிணைந்து செயலற்றுக் கிடக்கும். முறிவிடத்தை அடைந்ததும் பிணைப்பு விலகிச் செயல்பெறுகின்றது.

ஏ.டி.எம். செய்யும் வேலை பிற புரதங்களின் மீது பாஸ்பேட் தொகுதியை ஏற்றுவது. முறிவின் இருபுறமும் உள்ள எச்2ஏஎக்ஸ் என்னும் ஹிஸ்டோனின் 139 ஆவது இடத்தில் உள்ள செரின் மீது அது பாஸ்பேட்டை ஏற்றுகின்றது. இவ்வாறு மாறிய வடிவம் காமா-எச்2ஏஎக்ஸ் எனப்படுகின்றது. 1998 ஆம் ஆண்டில் இது விவரிக்கப்பட்டது. இதனோடு மட்டுமே ஒட்டும் எதிர்ப்பொருளை ஒளிரச்செய்து நுண்ணோக்கியில் பார்த்தால், ஒவ்வொரு முறிவும் ஒரு சிறு ஒளிப்புள்ளியாகத் தெரியும். பின்வரும் மக்கள் ஆய்வுகள் பலவற்றுக்கு இப்புள்ளிகளை எண்ணுவதே அடிப்படை.

இந்த அடையாளத்தைப் படிக்கும் புரதம் எம்.டி.சி.1. அதன் ஒரு பகுதி காமா-எச்2ஏஎக்ஸில் பொருந்துகின்றது. மறுபகுதி மேலும் ஏ.டி.எம். மூலக்கூறுகளை வரவழைப்பதால் அடையாளம் முறிவிடத்திலிருந்து இருபுறமும் பத்து இலட்சம் காரக்கூறுகளுக்கு அப்பாலும் பரவுகின்றது. எம்.டி.சி.1 மீதும் பாஸ்பேட் ஏறியபின் ஆர்.என்.எஃப்.8 என்னும் புரதம் அதில் வந்து ஒட்டுகின்றது. அதனைத் தொடர்ந்து ஆர்.என்.எஃப்.168 வருகின்றது. இவ்விரண்டும் யுபிகுயிட்டின் என்னும் சிறு புரதத்தை ஹிஸ்டோன்களின் மீது கோர்ப்பவை. யுபிகுயிட்டின் பொதுவாகப் புரதங்களை அழிவுக்கு அனுப்பும் முத்திரையாகவே பாடநூல்களில் அறிமுகமாகின்றது. இங்கோ அது அழைப்புக் குறியாகப் பயன்படுகின்றது.

ஒருவர் எழுதியதை அடுத்தவர் படித்து, தாமும் ஒன்றை எழுதிச் செல்வது போல இந்த வரிசை அமைந்துள்ளது. இவ்விணைப்புகள் பெரும்பாலும் வலுக்குறைந்தவை. நொடிகளில் ஒட்டி விலகுபவை. தனியோர் இணைப்பு தவறாக நிகழ்ந்தால் உடனே கலைந்துவிடும். பல இணைப்புகள் ஒரே இடத்தில் ஒன்றையொன்று தாங்கினால் மட்டுமே அடுத்த கட்டம் தொடங்கும். வீணான எச்சரிக்கையை உயிரணு தவிர்ப்பது இவ்வாறே.

இரு வழிகளுள் ஒன்றைத் தேர்தல்

ஈரிழை முறிவைச் சரிசெய்ய இரு முதன்மை வழிகள் உண்டு. முனையிணைப்பு என்னும் வழியில் அறுந்த இரு முனைகளும் நேரடியாக ஒட்டப்படுகின்றன. ஒத்தவரிசை மீளிணைவு என்னும் வழியில், உயிரணு பிரிவதற்காகப் படியெடுக்கப்பட்ட மற்றொரு நகலைப் பார்த்து இழந்த வரிசை மீண்டும் எழுதப்படுகின்றது. முன்னது விரைவானது. ஆயினும் முனைகளில் சில எழுத்துகள் விடுபடவோ கூடவோ செய்யலாம். பின்னது பிழை குறைந்தது. ஆயினும் நகல் இருக்கும் காலத்தில் மட்டுமே இயலும்.

முனையிணைப்பில் முதலில் வருவன கூ70, கூ80 என்னும் இணைபிரியாப் புரதங்கள். இவை மோதிரம் போன்ற வடிவில் அறுந்த முனையில் நுழைந்து அமர்கின்றன. உயிரணுவில் இவை இலட்சக்கணக்கில் உள்ளதால் முறிவு நேர்ந்த சில நொடிகளுக்குள் முனையை மூடிவிடுகின்றன. இம்மோதிரமே டி.என்.ஏ.-பி.கே. நொதியை அழைக்கின்றது. அது ஆர்ட்டெமிஸ் என்னும் வெட்டுநொதியைச் செயல்படுத்தி முனைகளைச் செப்பனிடச் செய்கின்றது. இறுதியில் எக்ஸ்.ஆர்.சி.சி.4, எக்ஸ்.எல்.எஃப். ஆகியவை முனைகளை அருகே பிடித்துக்கொள்ள, லிகேஸ் 4 அவற்றை ஒட்டுகின்றது. ஒட்டியபின் மோதிரம் டி.என்.ஏ. மீதே சிக்கிக்கொள்ளும். அதனை யுபிகுயிட்டின் கொண்டு குறியிட்டு, பி97 என்னும் புரதம் பிடுங்கி எடுக்கின்றது. எடுக்காவிட்டால் அவ்விடத்தில் படியெடுத்தல் தடைப்படும். ஆகவே புரதங்கள் வந்து சேர்வதைப் போலவே விலகிச் செல்வதும் இதில் முக்கியம்.

எவ்வழி என்பதை முடிவுசெய்வதில் 53பி.பி.1, பி.ஆர்.சி.ஏ.1 ஆகிய இரு புரதங்களுக்கிடையே போட்டி நிலவுகின்றது. 53பி.பி.1 ஒரே நேரத்தில் இரு அடையாளங்களைப் படிக்கின்றது. ஒன்று, ஆர்.என்.எஃப்.168 கோர்த்த யுபிகுயிட்டின். மற்றொன்று, ஹிஸ்டோன் எச்4 மீது வழக்கமாக இருக்கும் மெத்தில் குறி. இரண்டும் இருந்தால் மட்டுமே அது உறுதியாக ஒட்டும். பின்னர் ரிஃப்1, ஷீல்டின் ஆகியவற்றை வரவழைத்து முனைகள் அரிக்கப்படாமல் காக்கின்றது. இதனால் முனையிணைப்பு மேலோங்குகின்றது.

டி.என்.ஏ. படியெடுக்கப்பட்டவுடன் புதிய ஹிஸ்டோன்கள் வந்து சேர்கின்றன. அவற்றில் இந்த மெத்தில் குறி இன்னும் ஏறியிராது. குறி இல்லாத நிலையைப் படிப்பது பி.ஆர்.சி.ஏ.1-இன் கூட்டாளியான பார்டு1 என்னும் புரதம். அதாவது, குறி இல்லை என்பதே "அருகில் ஒரு நகல் உள்ளது" என்னும் செய்தியாகின்றது. அப்போது பி.ஆர்.சி.ஏ.1 முனையைக் கைப்பற்றி 53பி.பி.1-ஐ விலக்குகின்றது. உயிரணுச் சுழற்சியை நடத்தும் நொதிகள் சி.டி.ஐ.பி. புரதத்தின் மீது பாஸ்பேட்டை ஏற்றி, எம்.ஆர்.ஈ.11-உடன் சேர்ந்து முனையை அரிக்கச் செய்கின்றன. வெளிப்பட்ட ஒற்றை இழையை ஆர்.பி.ஏ. புரதம் மூடுகின்றது. பி.ஆர்.சி.ஏ.1, பால்பி2 என்னும் பாலத்தின் மூலம் பி.ஆர்.சி.ஏ.2-ஐப் பிடித்து நிற்க, அது தான் சுமந்துவரும் ராட்51 மூலக்கூறுகளை அவ்விழை மீது வரிசையாக ஏற்றுகின்றது. ராட்51 பூண்ட இழையே நகலில் தனக்கு ஒத்த வரிசையைத் தேடிக் கண்டுபிடிக்கின்றது.

குருதியில் சுற்றும் நிணவணுக்களில் பெரும்பாலானவை பிரியாமல் ஓய்வில் இருப்பவை. அவற்றில் நகல் இல்லாததால் முனையிணைப்பே பெரும்பாலும் நிகழும். கடற்கரை மக்களின் குருதியை எடுத்துச் செய்யப்படும் ஆய்வுகள் முதன்மையாக இவ்வொரு வழியின் திறனையே காட்டுகின்றன என்பதை வாசிப்போர் நினைவிற் கொள்ளவேண்டும். குடல், எலும்பு மச்சை போன்ற இடங்களில் விரைந்து பிரியும் உயிரணுக்களின் நிலை வேறாக இருக்கலாம்.

ஓரிழை முறிவுகளை பார்ப்1 என்னும் நொதி உணர்ந்து, தன்மீதே நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளைக் கோர்த்து எக்ஸ்.ஆர்.சி.சி.1-ஐ வரவழைக்கின்றது. அது தன்னிடம் ஒட்டியுள்ள பிற நொதிகளுடன் வந்து வேலையை முடிக்கின்றது. காரக்கூறு நீக்கம், நியூக்கிளியோட்டைடு நீக்கம், பொருத்தப் பிழைநீக்கம் ஆகிய பிற வழிமுறைகளை வெளிக்கொணர்ந்தமைக்காக தாமசு லிண்டால், பால் மோட்ரிச், அசீசு சன்சார் ஆகியோருக்கு 2015 ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பி53 புரதமும் காத்திருத்தலும்

பழுது நீங்கும்வரை உயிரணு பிரியாமல் காத்திருக்கவேண்டும். இதற்குப் பொறுப்பான பி53 புரதம் 1979 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. இயல்பான உயிரணுவில் எம்.டி.எம்.2 என்னும் புரதம் பி53-ஐப் பற்றிக்கொண்டு அதனை இடைவிடாது அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். செய்து செய்து அழிப்பது வீண்செலவாகத் தோன்றலாம். ஆனால் ஆபத்து நேரும்போது புதிதாகச் செய்யத் தொடங்குவதைவிட, அழிப்பதை நிறுத்துவதே விரைவானது. ஏ.டி.எம். இவ்விரு புரதங்களின் மீதும் பாஸ்பேட்டை ஏற்றியதும் அவற்றின் பிடி தளர்கின்றது. பி53 பெருகிப் பிரிவை நிறுத்தும் மரபணுக்களை இயக்குகின்றது. அது இயக்கும் மரபணுக்களுள் எம்.டி.எம்.2-இன் மரபணுவும் ஒன்று. தன்னை அடக்குவதைத் தானே உண்டாக்குவதால், பழுது நீங்கியபின் நிலைமை தானாகவே பழைய நிலைக்குத் திரும்புகின்றது. சேதம் மிகுதியாயின் பி53 உயிரணுவின் தன்னழிவைத் தூண்டும்.

இணைப்பு குலையும்போது

ஏ.டி.எம். மரபணு இரு பிரதிகளிலும் பழுதுபட்டுப் பிறக்கும் குழந்தைகளுக்குத் தள்ளாட்டமும், கண்ணில் நுண்குழாய் விரிவும், நோயெதிர்ப்புக் குறைவும், புற்றுநோய் வாய்ப்பும் உண்டாகின்றன. இவர்களுக்குப் பிறருக்குத் தரும் அளவில் கதிர்மருத்துவம் அளிப்பது ஆபத்தானது. என்.பி.எஸ்.1, ஆர்ட்டெமிஸ், லிகேஸ் 4 ஆகியவற்றின் குறைபாடுகளும் தனித்தனி நோய்களாக அறியப்பட்டுள்ளன.

பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 மரபணுக்களின் பிறழ்வுகள் மார்பக, சூற்பைப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டுகின்றன. பல பிறழ்வுகள் புரதத்தை முற்றிலும் அழிப்பதில்லை. பால்பி2 போன்ற கூட்டாளியுடன் சேரும் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறினாலே போதும். புரதம் உள்ளது, ஆனால் முறிவிடத்துக்குச் சென்று சேர்வதில்லை. இக்குறைபாட்டையே மருந்தாக்கும் முயற்சி 2005 ஆம் ஆண்டில் வெளியான இரு ஆய்வுகளில் தொடங்கியது. பி.ஆர்.சி.ஏ. குறைவுள்ள புற்றணுக்களில் பார்ப்1-ஐயும் தடுத்தால் அவை மடிகின்றன. இவ்வகையில் முதல் மருந்தான ஒலாபரிப் 2014 ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்றது.

கடற்கரை மக்களிடம் நடந்த ஆய்வுகள்

மணற்பட்டை இரு மாநிலங்களுக்கும் பொதுவாயினும், பெரிய அளவிலான மக்கள் ஆய்வுகள் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் சவரா, நீண்டகரை, கருநாகப்பள்ளி ஆகிய இடங்களிலேயே நடைபெற்றுள்ளன. கன்னியாகுமரி மாவட்டத்தில் நடந்தவற்றுள் மண்ணிலும் வீடுகளிலும் உள்ள கதிர்வீச்சை அளந்த ஆய்வுகள் குறிப்பிடத்தக்கவை. கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அகத்தீசுவரம் வட்டத்து வீடுகளில் செய்த அளவீடு அவற்றுள் ஒன்று. எனவே கீழ்வரும் முடிவுகளைக் குமரிக் கரைக்குப் பொருத்தும்போது எச்சரிக்கை தேவை.

தொடக்க ஆய்வு மனிதரிடம் அன்று, எலிகளிடம் நடந்தது. ஆன்சு கிரூனெபர்க் தலைமையிலான குழு கேரளக் கரையின் மணலில் வாழ்ந்த எலிகளையும் கதிர்வீச்சு குறைந்த இடத்து எலிகளையும் ஒப்பிட்டு, 1966 இல் வெளியிட்ட அறிக்கையில் மரபுசார் வேறுபாடு எதனையும் காணவில்லை எனத் தெரிவித்தது. 1976 இல் புதுதில்லி ஆய்வாளர்கள் கதிர்வீச்சுப் பகுதியில் டவுன் நோய்க்கூட்டறிகுறி மிகுந்துள்ளதாக எழுதினர். ஒப்பிட எடுத்துக்கொண்ட மக்கள் தொகுதி பொருத்தமானதன்று என்று அதற்கு மறுப்பும் எழுந்தது. பின்னர் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கொல்லம் ஆய்வகம் மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளை 1995 முதல் தொடர்ந்து ஆராய்ந்தது. 1,41,540 பிறப்புகளைக் கொண்ட அத்தொகுப்பில் பிறவிக் குறைபாடுகளுக்கும் கதிர்வீச்சு அளவுக்கும் தொடர்பு காணப்படவில்லை.

இதற்கு மாறான முடிவு 2002 இல் வந்தது. பீட்டர் ஃபார்சுட்டர் குழுவினர் கேரளக் கரையில் 248 குடும்பங்களைச் சேர்ந்த 988 பேரின் இழைமணி டி.என்.ஏ.வைப் படித்தனர். கதிர்வீச்சு மிகுந்த தீபகற்பத்தில் வாழும் தாய்மாரிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்லும்போது புள்ளிப் பிறழ்வுகள் அருகிலுள்ள தீவு மக்களைவிடக் கூடுதலாக இருந்தன. இவ்வாய்வு கருவிலுள்ள டி.என்.ஏ.வைப் பற்றியதன்று. மேலே விவரித்த ஏ.டி.எம்., 53பி.பி.1 முதலியவற்றின் காவல் பெரிதும் கருவுக்குரியது. இழைமணியில் பழுதுநீக்க வழிகள் குறைவு. ஆகவே இவ்விரு முடிவுகளும் ஒன்றையொன்று முறியடிப்பவை எனக் கொள்ளத் தேவையில்லை.

புற்றுநோயைப் பொறுத்தவரை, குமரி மாவட்ட நோயாளிகள் பலரும் நாடிச்செல்லும் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் கருநாகப்பள்ளியில் நடத்திய ஆய்வு முதன்மையானது. 2009 இல் வெளியான முடிவின்படி 69,958 பேர் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் தொடரப்பட்டனர். 1,379 பேருக்குப் புற்றுநோய் கண்டது. கதிர்வீச்சு அளவு கூடக்கூட நோய் கூடியதாகத் தெரியவில்லை. அப்பகுதியின் சில இடங்களில் கதிர்வீச்சு ஆண்டுக்கு 70 மில்லிகிரே வரை உள்ளது.

பழுதுநீக்கத்தை நேரடியாக நோக்கிய ஆய்வுகள் அண்மைக் காலத்தவை. 2016 இல் கேரளக் கரை மக்களின் குருதி அணுக்களில் காமா-எச்2ஏஎக்ஸ் புள்ளிகளை எண்ணியபோது, கதிர்வீச்சு மிகுந்த இடத்தவரிடம் முறிவுகள் கூடுதலாக இல்லை. 2017 இல் மரபணு வெளிப்பாட்டை ஆராய்ந்தபோது, சேதத்தை உணரும், பழுதைநீக்கும் மரபணுக்கள் அவர்களிடம் கூடுதலாக இயங்குவது தெரியவந்தது. முன்னரே சிறு அளவு கதிர்வீச்சைப் பெற்ற நிணவணுக்கள் பின்னர் வரும் பெரிய அளவைத் தாங்கிக்கொள்கின்றன என்பது ஆய்வகத்தில் 1984 இலேயே காட்டப்பட்டது. இது தகவமைப்பு எதிர்வினை எனப்படும்.

இதற்கு எதிரான ஒரு சான்றும் உண்டு. 2003 இல் செருமனியில் ரோத்காம், லோப்ரிச் ஆகியோர் ஒரு மில்லிகிரே அளவே கதிர் பெற்ற, பிரியாத மனித உயிரணுக்களில் முறிவுகள் பல நாட்கள் வரை சரிசெய்யப்படாமல் கிடந்ததைக் கண்டனர். பெரிய அளவில் கதிர் பெற்றவையோ விரைவில் சரியாயின. சேதம் மிகக் குறைவாக இருந்தால் எச்சரிக்கைத் தொடர் முழுமையாக எழுவதில்லை என இது பொருள்படலாம். அவ்வுயிரணுக்களைப் பிரியத் தூண்டியபோது பழுதுள்ளவை நீங்கிவிட்டன. பழுதுநீக்கம் ஒன்றே உடலின் காவல் அன்று, பழுதுற்ற உயிரணுவை விலக்குவதும் ஒரு காவலே என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது.

சர்ச்சை

கதிர்வீச்சு எவ்வளவு குறைந்தாலும் அதற்கேற்ற தீங்கு உண்டு என்னும் நேர்கோட்டுக் கொள்கையே உலகெங்கும் பாதுகாப்பு விதிகளுக்கு அடிப்படை. கேரளக் கரை முடிவுகள் அக்கொள்கையைப் பொய்யாக்கிவிட்டன எனச் சிலர் எழுதுகின்றனர். அவ்வாறு சொல்வது மிகை. ஏறத்தாழ எழுபதாயிரம் பேரைக் கொண்ட ஆய்வில் மிகச் சிறிய கூடுதல் புலப்படாமலே போகக்கூடும். மறுபுறம், கடற்கரை ஊர்களில் காணும் ஒவ்வொரு புற்றுநோய்க்கும் மணலே காரணம் என்னும் கூற்றுக்கும் இவ்வாய்வுகளில் ஆதரவில்லை. புகையிலை, வெற்றிலைப் பழக்கம் போன்ற பிற காரணங்களையும் பிரித்தறிய வேண்டியுள்ளது.

இயற்கையாக மணலில் கலந்து கிடக்கும் மோனசைட்டும், ஆலையில் பிரித்துச் செறிவாக்கப்பட்ட மோனசைட்டும் ஒன்றல்ல. செறிவாக்கும்போது தொழிலாளர் பெறும் கதிர்வீச்சும், தூசியின் வழியே உட்செல்லும் ஆல்பா மூலங்களும் தனியே கணக்கிடப்பட வேண்டியவை. கிள்ளியூர் வட்டத்தில் மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு உள்ளிட்ட ஊர்களில் 1144 எக்டேர் பரப்பில் கனிம மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024 ஆம் ஆண்டில் மீனவ ஊர்களிலிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. மணலை அகற்றினால் கதிர்வீச்சு குறையும் என்பது திட்டத்தை ஆதரிப்போர் கூறுவது. கடலரிப்பும் வாழிட இழப்பும் நேரும், தூசியினால் நோய் பெருகும் என்பது எதிர்ப்போர் கூறுவது. இவற்றுள் கடலரிப்பும் வாழிடமும் பற்றிய கேள்விகளுக்குக் குருதி அணுக்களின் ஒளிப்புள்ளிகளை எண்ணி விடை காண இயலாது. தூசி பற்றிய கேள்விக்கு, குமரிக் கரையிலேயே கருநாகப்பள்ளி போன்ற நெடுங்கால ஆய்வும் புற்றுநோய்ப் பதிவும் தேவைப்படும்.